மரக்காலும் விளக்குத்தண்டும்

அமெரிக்கக் கல்லூரிகள் தம் கால்பந்து அணிகளுக்கு ஆள் எடுக்கும் முறை, ஒரு பழைய சமயக் கேள்வியைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது: நன்றாகச் செய்வது போதுமா, செய்தது பிறர் கண்ணில் படவும் வேண்டுமா? அங்கே கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு, தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. முதலிரண்டு பிரிவுகளில் ஆட்டத் திறனுக்காக உதவித்தொகை தரலாம், மூன்றாம் பிரிவில் தரக் கூடாது. முதற்பிரிவுக் கல்லூரியின் பயிற்சியாளர், ஒரு மாணவி பத்தாம் வகுப்பை முடிக்கும் ஆண்டின் ஜூன் 15க்கு முன்பு அவளோடு அணிச் சேர்க்கை குறித்துப் பேசக் கூடாது என்பது 2019இல் வந்த விதி. அதற்கு முன்பு, உயர்நிலைப் பள்ளியில் கால் வைக்காத சிறுமிகள்கூட ஏதேனும் ஒரு கல்லூரிக்கு வாய்மொழியாக உறுதி தந்ததுண்டு. விதி தள்ளிவைத்திருப்பது பேச்சைத்தான், பார்வையை அல்ல. ஆகவே அந்தத் தேதிக்கு வெகு முன்பே பெற்றோரும் கிளப் பயிற்சியாளரும் பிள்ளையைப் பிறர் கண்ணில் படவைக்கும் வேலையில் இறங்கிவிடுகின்றனர். பல மாநில அணிகளை ஒரே வார இறுதியில் ஓரிடத்தில் கூட்டி, கல்லூரிப் பயிற்சியாளர்கள் மைதானம் மைதானமாக நடந்து பார்க்கும்படி நடத்தப்படும் 'ஷோகேஸ்' போட்டிகளுக்கு அவளை அழைத்துச் செல்வதும் அந்த வேலையில் அடங்கும்.

இதில் ஈடுபடும் குடும்பங்கள் பலவற்றின் வீட்டில் இருக்கும் விவிலியமே இக்கேள்விக்கு இரு விடை தருவதுபோல் தோன்றுகிறது. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில், விளக்கைக் கொளுத்தியவர் அதை மரக்காலின்கீழ் மறைக்காமல் விளக்குத்தண்டின்மேல் வைப்பார் என்று சொல்லப்படுகிறது. அடுத்த அதிகாரத்திலேயோ, மனிதர் காண வேண்டும் என்பதற்காக அறம் செய்யலாகாது என்ற எச்சரிக்கை வருகிறது. இரண்டுக்கும் முரணில்லை, காட்டப்படுவது யாருடைய மகிமைக்காக என்பதே வேறுபாடு என்று உரைகாரர்கள் அமைதி கூறுவர். அமைதி சரிதான், ஆனால் தன் நோக்கம் எது என்பதை ஒருவர் எப்படி அறிவது என்ற இடத்தில் சிக்கல் மீண்டும் தலைதூக்குகிறது.

இச்சிக்கலைக் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் அளவுக்கு நேர்மையாக எதிர்கொண்டவர் குறைவு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், தம் வாழ்வைக் கடவுள் முன் எடுத்துரைக்க அவர் எழுதத் தொடங்கிய நூலின் பத்தாம் பகுதியில் ஒரு விசித்திரமான தடையைச் சுட்டுகிறார். செல்வத்தின்மேல் பற்று இருக்கிறதா என்பதைச் செல்வத்தைத் துறந்து சோதித்துப் பார்க்கலாம். புகழின்மேல் பற்று இருக்கிறதா என்று சோதிக்க, எல்லோரும் இகழும்படி வாழ்ந்து பார்க்க முடியுமா? நல்வாழ்வின் நிழலாகப் புகழ் கூடவே வருவதால், அதைத் தனியே பிரித்து எடுத்துவிட்டு மனத்தைப் பார்க்க வழியில்லை. கோல் காப்பவள், தனக்குக் கைதட்டல்மேல் ஆசை உண்டா என்று அறிவதற்காகப் பந்தை உள்ளே விட்டுப் பார்க்க இயலாது.

ஆதம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட அறவுணர்வுகள் பற்றிய நூல் இங்கே ஓரளவு கைகொடுக்கிறது. புகழப்பட வேண்டும் என்ற ஆசையையும், யாரும் புகழாவிட்டாலும் புகழுக்கு உரியவராக இருக்க வேண்டும் என்ற ஆசையையும் அவர் வேறுபடுத்துகிறார்; இரண்டாவது ஆசைக்கு அளவுகோலாக ஒவ்வொருவர் நெஞ்சிலும் சார்பற்ற பார்வையாளர் ஒருவர் இருப்பதாகக் கொள்கிறார். எல்லைக்கோட்டுக்கு வெளியே குறிப்பேட்டுடன் நிற்கும் கல்லூரிப் பயிற்சியாளரும் நெஞ்சுக்குள் நிற்கும் பார்வையாளரும் ஒன்றையே பார்க்கிறார்களா என்று கேட்டால், தொல்லை எங்கே இருக்கிறது என்பது புலப்படும்.

கல்லூரிகளுக்கு அனுப்பப்படும் 'ஹைலைட்' காணொளி மூன்று நான்கு நிமிடம் ஓடும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் படம் நொடிப்பொழுது உறைந்து நிற்க, மாணவியைச் சுற்றி ஒரு வட்டம் விழுகிறது. பிறகு படம் நகர, அவள் பந்தைக் கடத்திச் செல்கிறாள் அல்லது கோல் அடிக்கிறாள். 90 நிமிட ஆட்டத்தில் ஒருவர் காலடியில் பந்து இருப்பதோ சில நிமிடங்களே. மீதி நேரத்தில், இடப்புறத் தற்காப்பில் நிற்பவள் இரண்டடி உள்ளே நகர்ந்து ஒரு வழியை அடைக்கிறாள். எதிரணியினர் அந்தப் பக்கம் பந்தைத் தரும் எண்ணத்தையே கைவிடுகின்றனர். ஆட்டத்தின் மேன்மையான செயல்களுள் அது ஒன்று, ஆனால் நடக்காமல் போன ஒன்றைக் கத்தரித்து ஒட்ட முடியாது. தேர்ந்த பயிற்சியாளர்கள் காணொளி பிடித்திருந்தாலும் முழு ஆட்டப் பதிவைக் கேட்பது இதனால்தான். புகழுக்குரிமை அறவே இல்லாமல் புகழை மட்டும் உண்டாக்கினால் என்னவாகும் என்பதை 2019 மார்ச்சில் வெளிப்பட்ட கல்லூரிச் சேர்க்கை மோசடி காட்டியது: அணியில் ஆடவே போகாத பிள்ளைகளுக்குப் பொய்யான விளையாட்டுக் குறிப்புகள் தயாராயின; யேல் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மகளிர் கால்பந்துப் பயிற்சியாளர் கையூட்டு வாங்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

அதற்காக, காட்டுவதே இழிவு என்று ஒதுங்குவதும் தவறு. ஒதுங்கி நிற்பது வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே இயலும் துறவு. விமானக் கட்டணமும் கிளப் சந்தாவும் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை ஷோகேஸ் மைதானத்தை எட்டுவதே இல்லை. பிறந்த ஆண்டை வைத்து வயதுப் பிரிவு வகுக்கப்படும் இடங்களில், டிசம்பரில் பிறந்தவள் தன்னைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்த ஜனவரிக்காரியோடு தோளுரசிச் சிறியவளாகத் தெரிகிறாள். 2025இல் ஒப்புதல் பெற்ற ஒரு வழக்குத் தீர்வின்படி, அதை ஏற்ற கல்லூரிகளின் கால்பந்து அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், ஒருத்தி கண்ணில் படுவது இன்னொருத்தியின் இடத்தையும் தொடுகிறது. இத்தகைய நிலையில் மரக்காலை எடுத்து அப்புறம் வைப்பது நீதியின் பாற்பட்ட வேலை. அதைச் செய்பவர் விளம்பரக்காரராக இல்லாமல் சாட்சியாக இருக்க வேண்டும் என்ற ஒன்றைத்தான் கேட்க முடியும். சாட்சி, கேட்டால் குறையையும் சொல்லக் கடமைப்பட்டவர். இடது கால் இன்னும் வலுப்பெறவில்லை, ஆனால் பந்தை இழந்த கணமே திரும்பி ஓடுகிறாள் என்று எழுதும் கிளப் பயிற்சியாளரின் கடிதம், நான்கு நிமிடக் காணொளியைவிட அவளைக் கூடுதலாகக் காட்டுகிறது.

அகஸ்டினின் புதிர் இதனால் தீர்ந்துவிடுவதில்லை. மாற்றப்பட்டு வெளியே வந்த ஆட்டக்காரி பெஞ்சில் எப்படி உட்காருகிறாள், தன் இடத்தில் இறங்கியவளுக்குக் குரல் கொடுக்கிறாளா என்பதையும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் கவனிப்பதுண்டு. யாரும் பார்க்காதபோது வெளிப்படும் குணத்தைக் காண்பதே அவர்கள் எண்ணம். இச்செய்தி பெற்றோருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது போட்டிக்குப் போகும் வழியில், காரின் பின்னிருக்கையில் இருக்கும் மகளிடம், வெளியே எடுத்தால் முகம் சுளிக்காதே, தோழிகளுக்காகக் கத்து, அவர்கள் பார்ப்பார்கள் என்று சொல்லிவைக்கின்றனர். அவளும் கத்துகிறாள், அந்தக் குரலில் எவ்வளவு தோழிக்கு, எவ்வளவு குறிப்பேட்டுக்கு என்பது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை.