முதலில் வாசித்த சொல் எது?

ஒரு குழந்தை எந்தக் கணத்தில் வாசிக்கத் தொடங்குகிறது, அது முதன்முதலில் வாசித்த சொல் எது? முதல் அடி வைத்த நாளைச் சொல்வதுபோல இதையும் சொல்லிவிடலாம் என்றே தோன்றும். ஆனால் இப்படிக் கேட்பதற்கே பொருளில்லை என்றார் தத்துவ அறிஞர் லுட்விக் விட்கன்ஸ்டைன். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1953இல் வெளிவந்த 'தத்துவ ஆய்வுகள்' நூலில், 156ஆம் பத்தி முதல் இதை விரிவாக ஆராய்கிறார்.

வகுப்பறையை அறிந்தவர் எழுப்பிய கேள்வி இது. 1889இல் வியன்னாவின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த விட்கன்ஸ்டைன், 1920 முதல் 1926 வரை கீழ் ஆஸ்திரியாவின் டிராட்டன்பாக், புக்பெர்க், ஓட்டர்டால் முதலிய ஊர்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தார். பிள்ளைகள் பிழையின்றி எழுத உதவும் சொல்லகராதி ஒன்றை 1926இல் வெளியிட்டார். பிள்ளைகளை அடிக்கும் வழக்கமும் அவரிடம் இருந்தது. மாணவன் ஒருவன் அடிபட்டு மயங்கி விழுந்த பிறகே அவர் அந்தப் பணியிலிருந்து விலகினார்.

அவர் முன்வைக்கும் வாதத்தில், வாசிப்பது என்றால் எழுதியிருப்பதைப் பார்த்து ஒலிப்பது. பொருள் புரிகிறதா என்பது வேறு கேள்வி. புதிதாகக் கற்கும் மாணவன் ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிடுகிறான். பக்கத்தில் இருப்பவர் "வாசிக்கிறான்" என்கிறார். ஆசிரியரோ "இல்லை, தற்செயல்" என்கிறார். அடுத்தடுத்த சொற்களையும் அவன் சரியாகச் சொல்லவே, இப்போது வாசிக்கிறான் என்று ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் அந்த முதல் சொல்லை அவன் வாசித்தானா, இல்லையா? மாணவனின் மனத்துக்குள் எதையோ தேடினால் இதற்கு விடை கிடைக்காது. தொடர்ந்து சரியாக ஒலிப்பதைப் பார்த்துத்தான் வாசிக்கிறான் என்கிறோம். தொடர்ச்சியைக் குறிக்கும் ஒன்றைத் தனியொரு சொல்லில் தேடுவதில்தான் தவறு இருக்கிறது.

இது வெறும் சொல்விளையாட்டு அல்ல. பாடத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் முதல் வகுப்புக் குழந்தை, வரியின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே பிழையில்லாமல் ஒப்பித்துவிடும். அருகில் நின்று கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. அதே சொற்களை வரிசை மாற்றி எழுதிக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். 1984இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பெப்சி என்ற பெயரைக் கண்டதும் சொல்லிவிடும் மழலையர்க்கு, அதன் முதலெழுத்தை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். பெரும்பாலானோர் மாற்றத்தைக் கவனிக்காமல் மீண்டும் பெப்சி என்றே சொன்னார்கள். அவர்கள் அடையாளம் கண்டது எழுத்துகளை அல்ல, சின்னத்தை.

எழுத்து தெரிந்தால் மட்டும் வாசிப்பு வந்துவிடுமா? தமிழ் இதற்கு நல்ல சோதனைக்களம். 'கல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் இருப்பது ஒரே ககரம். ஒலியோ மூன்று விதம். 247 எழுத்துகளையும் அடையாளம் காணத் தெரிந்த குழந்தைகூட 'பகல்' என்பதை முதலில் வல்லோசையோடு எழுத்துக் கூட்டும். பிறகு காதில் பழகிய சொல் நினைவுக்கு வந்ததும் தானே திருத்திக்கொள்ளும். விதியை மட்டும் கையில் கொடுத்தால் அது தானாகப் பொருந்திவிடாது, பழக்கத்தோடு சேர்ந்தே இயங்குகிறது என்பதும் விட்கன்ஸ்டைன் அதே நூலில் வற்புறுத்தியதுதான். ஆகவே எழுத்தைக் கற்பிப்பதும் பேச்சையும் கதையையும் நிறையக் கேட்கவைப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

மூளையைப் படம்பிடித்துப் பார்த்தால் அந்த முதல் கணத்தைப் பிடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கலாம். வாசிக்கக் கற்கும்போது மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில், கண்ணால் கண்ட சொற்களை அறியும் ஓர் இடம் உருவாவதை ஸ்டானிஸ்லாஸ் டெஹான் போன்ற அறிவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த மாற்றமும் படிப்படியாகவே நிகழ்கிறது. எந்தச் சொல்லில் வாசிப்பு தொடங்கியது என்று அந்தப் படமும் சொல்வதில்லை.

இதிலிருந்து ஆசிரியர்க்குக் கிடைக்கும் தெளிவு பெரிது. பார்க்காத பத்தி ஒன்றை, பல நாள்களில், பலமுறை வாசிக்கவைத்துப் பார்த்தே வாசிப்பை மதிப்பிட வேண்டும். ஒரே நாளில், ஒரே பக்கத்தை வைத்து ஒரு பிள்ளைக்கு 'வாசிக்கத் தெரியாது' என்று பதிவேட்டில் குறிப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.