இடியப் போற வீட்டுல இருக்கிறது நம்பிக்கையா?



2021 டிசம்பர் 27. சென்னை திருவொற்றியூரில், குடிசை மாற்று வாரியம் 1993-ல் கட்டிய குடியிருப்பு. ஒரு பிளாக்கில் விரிசல் பெருசாகிறதைப் பார்த்து, உள்ளே இருந்தவங்க அவசரமா வெளியே வந்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல 24 வீடும் தரைமட்டம். பாத்திரம் பண்டமெல்லாம் மண்ணுக்குள்ள. ஆனா ஒரு உயிர்கூடப் போகலை.

"முருகன் காப்பாத்தினான்"னு சொல்வோம். நானும் அதையே நம்புறேன். ஆனா எப்படிக் காப்பாத்தினான்? சுவரைத் தாங்கிப் பிடிச்சு இல்லை. விரிசலைக் கண்ணுல காட்டி, காலை நடக்க வச்சான். "அவன் பார்த்துப்பான்"னு உள்ளேயே உட்கார்ந்திருந்தா அது பக்தி ஆகாது. நம்ம வேலையை அவன் தலையில கட்டுறது.

இதைச் சொல்றது சுலபம். கஷ்டமான கேள்வி வேற இருக்கு.

"இந்தக் கட்டடம் வசிக்கத் தகுதியற்றது"ன்னு நோட்டீஸ் ஒட்டின பிறகும் சிலர் காலி பண்றதில்லை. அறிவில்லாமலா? காசிமேட்டுல விடியக்காலை மீன் எடுத்து விக்கிற ஒரு அம்மாவுக்குப் பெரும்பாக்கத்துல வீடு கொடுத்தா, அவங்க பிழைப்பு என்ன ஆகும்? பக்கத்துலயே வாடகைக்குப் போகலாம்னா அட்வான்ஸுக்கு எங்கே போறது? சுவர் என்னைக்கோ விழலாம். வருமானம் நாளைக்கே விழும். அவங்க கணக்கு அப்படி.

அதனால எனக்குத் தோணுறது இதுதான். "வெளியே போ"ன்னு சொல்றது பாதி தர்மம். "இங்கே வா"ன்னு சொன்னாதான் முழுசாகும். இல்லேன்னா அந்த நோட்டீஸ் குடியிருக்கிறவங்களைக் காப்பாத்தாது, "நாங்க அப்பவே சொன்னோமே"ன்னு ஒட்டினவங்களைத்தான் காப்பாத்தும்.

திருவொற்றியூரில் இடிஞ்ச பிறகு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாயும் மாற்று வீடும் அறிவிச்சாங்க. நல்லதுதான். அந்தக் கை இடியறதுக்கு முன்னாடியே நீளணும்.

வீட்டுக்காரங்களுக்கும் ஒரு கடமை இருக்கு. நம்ம உயிரை வச்சு நாம துணியலாம். தொட்டில்ல தூங்குற குழந்தை அந்தத் துணிச்சலுக்குச் சம்மதம் சொல்லலையே! பெரியவங்க நகர முடியலேன்னாலும், குழந்தைகளையாவது முதல்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடணும்.

உங்க தெருவுல அப்படி ஒரு கட்டடம் இருந்தா புத்தி சொல்லப் போகாதீங்க. "சாமான் தூக்க வரட்டுமா? ரெண்டு நாள் எங்க வீட்டுல இருக்கீங்களா?"ன்னு கேளுங்க. பல பேரோட கால் நகர்றது அந்த ஒரு கேள்வியிலதான்.

வேலும் மயிலும் துணை.