அடைக்கலமும் ஆராதனையும்

கிறிஸ்தவச் சபையொன்று ஞாயிறு காலையில் கடவுளை வழிபடுவதும், தன் உறுப்பினரை ஒருவரோடொருவர் பிணைத்துப் பேணுவதும், சமூகத்தில் நீதி கோருவதும் மூன்று தனித்தனிப் பணிகளா, அல்லது ஒரே பணியின் மூன்று முகங்களா என்னும் கேள்வி பிரஸ்பிட்டேரியன் மரபில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. 1910ஆம் ஆண்டில் வட அமெரிக்க ஐக்கியப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை ஏற்றுக்கொண்டதும், இன்றைய அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் ஒழுங்குநூலில் நிலைபெற்றிருப்பதுமான ‘திருச்சபையின் பெருநோக்கங்கள்’ என்னும் ஆறு கூறுகளில் வழிபாட்டைக் காப்பதும் உண்டு; சமூக நேர்மையை வளர்ப்பதும் உண்டு. ஆயினும் அந்தப் பட்டியலில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று: புகலிடம் அளிப்பதும் ஆன்மிக ஐக்கியம் பேணுவதும் அங்கே ஒரே கூறாக இணைத்து வைக்கப்பட்டுள்ளன. வழிபாடு நீதிச் செயலாக மாறுவது இந்த ஐக்கியத்தின் வழியாகத்தான் என்பதை அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரிலுள்ள ஒரு சிறிய சபையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அந்த வரலாற்றுக்குள் செல்லுமுன் இம்மரபின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். 1541இல் ஜெனீவா நகருக்காகச் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின் வகுத்த திருச்சபை ஒழுங்கில் போதகர், போதனாசிரியர், மூப்பர், உதவிக்காரர் என நால்வகை ஊழியங்கள் இருந்தன. பேராயரின் தனி ஆட்சிக்கு அதில் இடமில்லை. அதிலிருந்து வளர்ந்த பிரஸ்பிட்டேரியன் அமைப்பில், சபையார் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் கூடி முடிவெடுக்கும் மன்றம் ‘செஷன்’ எனப்படும். அதற்கு மேலே ஒரு வட்டாரத்தின் சபைகளை மேற்பார்வையிடும் ‘பிரஸ்பிட்டரி’, அதற்கும் மேலே சினாடு, நாடு தழுவிய பொதுப்பேரவை என அடுக்கடுக்காக மன்றங்கள் அமைந்துள்ளன. ஆகவே இம்மரபில் ஒரு சபையின் செயல் தனியொருவரின் ஆவேசத்தில் பிறப்பதாக இருக்க முடியாது. கூடிப் பேசி, வாக்களித்து, பதிவேட்டில் எழுதி, மேல் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டியதாகவே அது இருக்கும்.

வழிபாட்டு முறையும் இந்தக் கூட்டுத்தன்மையையே கொண்டது. அழைப்பு, பாவ அறிக்கை, மன்னிப்பின் உறுதிமொழி, வேதவாசிப்பு, அருளுரை, மன்றாட்டு, காணிக்கை, திருவிருந்து, அனுப்புகை என்று செல்லும் ஒழுங்கில், பாவ அறிக்கையைச் சபையார் ஒரே குரலில், ‘நாங்கள்’ என்னும் பன்மையில் சொல்கின்றனர். தனிமனிதரின் இரகசியக் குற்றங்களோடு, ஒரு சமூகமாகச் செய்தவையும் செய்யத் தவறியவையும் அந்தப் பன்மைக்குள் அடங்கிவிடுகின்றன. வாரந்தோறும் அவ்வாறு அறிக்கையிடும் ஒரு கூட்டம், தன் வாசலில் நடக்கும் அநீதியைத் தனக்குத் தொடர்பற்றதென்று ஒதுக்குமானால், தான் சொல்லிய வார்த்தைக்கே அது புறம்பாகிவிடுகிறது.

எனினும் அவ்வாறு ஒதுக்கியதும் இதே மரபில் நிகழ்ந்ததுதான். 1640களில் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, திருச்சபை மன்றங்கள் அசாதாரண நிலைமைகளில் விடுக்கும் பணிவான விண்ணப்பத்தையும் ஆட்சியாளர் கேட்டு அளிக்கும் ஆலோசனையையும் தவிர, அரசியல் காரியங்களில் தலையிடலாகாது என்று வரையறுத்தது. இந்த வரையறையைத் தென் கரோலினாவின் இறையியலாளர் ஜேம்ஸ் ஹென்லி தார்ன்வெல் 19ஆம் நூற்றாண்டில் ‘திருச்சபையின் ஆன்மிகத் தன்மை’ என்னும் கோட்பாடாக விரித்தார்; அடிமைமுறை நாட்டுச் சட்டத்துக்கு உரிய பொருளாதலால் திருச்சபை அதனைக் கண்டித்துப் பேசலாகாது என்பது அதன் பயனாயிற்று. 1861இல் பிரிந்த தென்னகத் திருச்சபை 1983இல்தான் வடபகுதித் திருச்சபையோடு மீண்டும் இணைந்தது. மௌனமும் ஓர் அரசியல் நிலைப்பாடே என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இம்மரபில் இல்லை.

டூசான் நகரின் தென்பகுதியில் டொஹோனோ ஓதம் எனப்படும் தொல்குடி மக்களுக்காக 1906இல் தொடங்கப்பட்ட சவுத்சைட் பிரஸ்பிட்டேரியன் சபை, காலப்போக்கில் மெக்சிகோ வழியினரும் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வழிபடும் எளிய சபையாக வளர்ந்தது. 1980ஆம் ஆண்டு கோடையில், எல்லை தாண்டி வந்த எல் சால்வடோர் நாட்டவர் சிலர் வழிகாட்டிகளால் பாலைவனத்தில் கைவிடப்பட்டு, அவர்களுள் பாதிப்பேர் தாகத்தால் மாண்டனர். உயிர்பிழைத்தவர்களுக்கு உதவச் சென்ற டூசான் சபையினர், உள்நாட்டுப் போரையும் கொலைப்படைகளையும் பற்றி நேரில் கேட்டறிந்தனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்க அகதிகள் சட்டம், துன்புறுத்தலுக்கு அஞ்சுவதற்கு ஆதாரமுள்ள எவரும் புகலிடம் கோரலாம் என்று கூறியது. ஆனால் எல் சால்வடோர் அரசுக்கு வாஷிங்டன் படைக்கலம் தந்து துணைநின்ற காலம் அது. 1984இல்கூட எல் சால்வடோர், குவாத்தமாலா நாட்டவரின் விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. சபையினர் முதலில் சட்ட உதவி செய்தனர். அரசு அலுவலகத்தின் முன்னே வாரந்தோறும் கூடி மன்றாடினர். அப்போதும் நாடுகடத்தல் நிற்கவில்லை.

இந்நிலையில் ஜிம் கார்பெட் என்பவர் (குமாவுன் மலைகளின் புகழ்பெற்ற வேட்டைக்காரர் அல்லர், குவேக்கர் என்னும் சமாதானச் சபையைச் சேர்ந்த அரிசோனாக் கால்நடைப் பண்ணையாளர்) அகதிகளை எல்லைக்கு இப்பால் அழைத்துவரத் தொடங்கி, சவுத்சைட் போதகர் ஜான் ஃபைஃபின் துணையை நாடினார். ஆலயத்துக்குள் அகதிகள் உறங்கினர்; சபையார் சமைத்ததை உண்டனர்; வழிபாட்டிலும் அமர்ந்தனர். நீதியைப் பற்றிய கொள்கைத் தீர்மானம் எதுவும் உருவாகுமுன்பே, பெயர் தெரிந்த, முகம் தெரிந்த மனிதர்கள் அந்த ஐக்கியத்துக்குள் வந்துவிட்டனர். பின்னர் நிகழ்ந்தவை அனைத்தையும் விளங்கிக்கொள்ள இந்த வரிசைமுறை இன்றியமையாதது. செய்தித்தாளில் படித்த துயரத்துக்காக இரங்கும் சபை விண்ணப்பம் எழுதும். தன்னோடு அப்பம் பிட்டவரைக் கைவிடச் சொன்னால், அந்தச் சபை தான் அறிக்கையிட்ட விசுவாசத்தின் பொருளையே ஆராய வேண்டியதாகிறது.

இரகசியமாகச் செய்வது நெடுநாள் மறையாது என்று அறிந்ததும் செஷனும் சபையும் பல மணிநேரம் விவாதித்து, இரகசிய வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையோடு, ஆலயத்தை வெளிப்படையான அடைக்கலமாக அறிவிக்க முடிவுசெய்தன. 1982 மார்ச் 24ஆம் நாள், அதாவது சான் சால்வடோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ பலிபீடத்தருகே சுட்டுக்கொல்லப்பட்ட இரண்டாம் நினைவு நாளில், அறிவிப்பு வெளியாயிற்று; அரசின் தலைமை வழக்கறிஞருக்கு முன்னதாகவே கடிதமும் எழுதப்பட்டது. அதே நாளில் கலிபோர்னியாவின் பெர்க்லி பகுதியில் சில சபைகளும் அவ்வாறே அறிவித்தன. சில ஆண்டுகளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான சபைகளும் யூத ஆலயங்களும் சேர்ந்தன.

இச்செயலைச் சட்டமறுப்பு என்று அழைப்பதைக் கார்பெட் ஏற்கவில்லை. அநீதியான சட்டத்தை மீறித் தண்டனையை ஏற்பது சட்டமறுப்பு. நல்ல சட்டத்தை அரசே மீறும்போது அச்சட்டத்தை மக்கள் கூட்டமாக நிறைவேற்றுவதை அவர் ‘குடிமை முன்முயற்சி’ என்றார். அகதிகள் சட்டத்தையும் பன்னாட்டு உடன்படிக்கையையும் காப்பது தாங்களே என்பது அவரது வாதம். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் தடைக்கும் இவ்வாதத்தில் ஒரு விடை உண்டு: இச்சபை ஆட்சியாளரின் இடத்தைப் பறிக்க முயலவில்லை, ஆட்சியாளர் விட்டுச்சென்ற கடமையை எடுத்துக்கொண்டது. ஆனால் சட்டத்தின் பொருளை இறுதியாகத் தீர்மானிப்பவர் யார் என்னும் கேள்விக்கு அந்த விடை போதுமானதன்று. அதனைக் கார்பெட்டின் எதிர்ப்பாளர்கள் சரியாகவே சுட்டினர்.

அரசு ஒற்றர்களை அனுப்பியது. அவர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளை மறைத்துக்கொண்டு வழிபாட்டிலும் வேதபாட வகுப்புகளிலும் அமர்ந்தனர். 1985 ஜனவரியில் அடைக்கலப் பணியில் ஈடுபட்டோர் மீது குற்றச்சாட்டுகள் வெளியாயின. 1986 மே மாதம் விசாரணை முடிந்தபோது, வழக்கை எதிர்கொண்ட பதினொருவரில் எண்மர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. எல் சால்வடோரின் நிலைமையையோ தங்கள் சமய நோக்கத்தையோ தற்காப்பாகச் சொல்ல நீதிபதி அவர்களை அனுமதிக்கவில்லை. ஃபைஃப் உள்ளிட்ட எவரும் சிறைக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டனர். 1992இல் அதே ஃபைஃபைத் திருச்சபையின் பொதுப்பேரவை தன் தலைமை அவைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

ஒற்றாடலை எதிர்த்து அரிசோனாச் சபைகளும் அவற்றின் தேசியத் திருச்சபைகளும் தொடர்ந்த வழக்கு இவ்விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. உறுப்பினர் வழிபாட்டிலிருந்து விலகினர், வேதபாட வகுப்பு நின்றது, போதகரிடம் மனம்திறக்க மக்கள் அஞ்சினர் என்பன சபைகளின் முறையீடு. தனிமனிதருக்கு மட்டுமன்றிச் சபைக்கே நேர்ந்த இழப்பு இது, ஆகவே சபை வழக்காடலாம் என்று 1989இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஐக்கியம் சிதைந்தால் வழிபாடும் சிதையும் என்னும் இறையியல் உண்மை அங்கே சட்டத்தின் மொழியில் பேசப்பட்டது. 1991இல் மற்றொரு வழக்கின் உடன்பாட்டால், மறுக்கப்பட்ட சால்வடோர், குவாத்தமாலா நாட்டவரின் விண்ணப்பங்கள் மறுவிசாரணைக்கு வந்தன.

அடைக்கல அறிவிப்பை எதிர்த்து வாக்களித்த சிலரின் நிலை என்ன என்பதும் இங்கே கேட்கப்பட வேண்டும். மனச்சாட்சியின் மீது ஆளுகை கடவுளுக்கே உரியது என்று வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை சொல்வதால், அரசுக்கு எதிராகச் சபை காட்டும் அதே உரிமை சபைக்குள் சிறுபான்மையினருக்கும் உண்டு; செஷனின் முடிவு சபையின் கதவைத் திறக்கலாம், தனியொருவர் தம் வீட்டுக் கதவைத் திறக்குமாறு கட்டளையிட முடியாது. பெரும்பான்மையின் துணிவைப் புகழ்வோர் இதனை மறந்துவிடுவது எளிது. 2014இல் சவுத்சைட் சபை, நாடுகடத்தலை எதிர்நோக்கிய ஒரு தாய்க்கு ஆலயத்தில் ஓராண்டுக்கும் மேலாக இடமளித்தபோது, முப்பதாண்டுகளுக்கு முந்தைய வாக்கெடுப்பின் பெருமை மட்டும் அச்செயலைத் தாங்கப் போதுமானதாக இருந்திருக்காது. உணவு கொண்டுவருவதும் இரவில் காவலிருப்பதும் போன்ற அன்றாடப் பணிகளுக்கு அந்தந்தக் காலத்து உறுப்பினர் ஒவ்வொருவரின் இசைவும் புதிதாகப் பெறப்பட வேண்டியிருக்கிறது.