தெரிஞ்சுதான் ஏறுனேன்

“பட்டி பாத்து விட்றவா தாயி, இல்ல வெட்டி ஒட்டவா?”

போடியில் அப்பாவின் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய பட்டறையில், டிங்கர் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேட்டுக்கொண்டே கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் முன் சீட்டுக்குக் கீழே ஒரு குத்து குத்தினார். அது பிடி வரைக்கும் இறங்கியது. உருவியபோது தரைத்தகரம் நமத்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ஓட்டை வழியாகப் பட்டறையின் மண்தரை தெரிந்தது.

பட்டி பார்த்தால் மூன்று நாள் வேலை. வெட்டி ஒட்டினால் மூன்று வாரம், நான்கு மடங்கு செலவு. “பட்டி பாத்துப் பெயின்ட் அடிச்சா வெளியில ஒண்ணும் தெரியாது” என்றார். அதை மறைத்துச் சொல்லவில்லை. அது அந்தத் தொழிலின் விலைப்பட்டியலில் உள்ள ஒரு சேவை.

அப்பா இறந்து நான்கு வருடம் வண்டி வேப்பமரத்தடியில் தார்ப்பாயின் கீழ் நின்றது. மழைக்குப் பாதுகாப்பு என்று நாங்கள் போட்ட தார்ப்பாய்தான் ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. இப்போது தம்பிக்குப் பணம் தேவை. வாங்க ஆள் இருக்கிறது. அவர் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர். அதாவது இந்த வண்டி அப்பாவிடம் செய்த அதே வேலைக்குத்தான் திரும்பப் போகும்.

போடியை அறியாதவர்களுக்கு அந்த வேலையைச் சொல்ல வேண்டும். விடியும் முன்பே பெண்கள் தூக்குவாளியோடு தெருமுனையில் நிற்பார்கள். ஜீப் அவர்களை ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,400 மீட்டர் உயரத்திலிருக்கும் போடிமெட்டைக் கடந்து கேரளத்துக்குள் இறங்கும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும். ஏலச்செடி காய்ப்பது அடித்தூரில். நாளெல்லாம் குனிந்தும் குத்தவைத்தும் பழம் எடுத்துவிட்டு, நனைந்த சேலையோடு சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். அந்த ஈரம் ரப்பர் மேட்டுக்கு அடியில் தங்கிவிடும். எங்கள் வண்டியின் தரையைத் தின்றதில் அந்தச் சேலைகளின் தண்ணீரும் உண்டு.

துரு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். அலுமினியமும் காற்று பட்டால் ஆக்சைடு ஆகிறது. ஆனால் அந்தப் படலம் மெல்லியதாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்பின் துரு அப்படி இல்லை. தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொண்டு ஊதிப் புடைத்து, செதிலாகக் கழன்று, அடுத்த அடுக்கைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் திறந்துவிடுகிறது. அதன்மேல் பட்டி வைத்தால் துரு நிற்பதில்லை, கண்ணுக்கு மட்டும் மறைகிறது. பட்டிக்கு அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். பட்டி தட்டையாக்கும், வழவழப்பாக்கும். எடை மட்டும் தாங்காது.

இதே சொல்லை நம் ஊரில் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் கூடுதலாகப் போட்ட பெண்ணைப் பார்த்து. “பட்டி டிங்கரிங் பாத்துட்டு வந்திருக்கா” என்பது சினிமா தொடங்கி டீக்கடை வரை பழகிப்போன கேலி. எஃப்.சி.க்குப் போகும் முன் ஓட்டைகளை அடைத்துப் பளபளப்பாக நிறுத்துவது ஆண்கள் ஆண்களுக்குச் செய்துகொள்ளும் வேலை. ஏமாற்றுகிறாள் என்ற பெயர் மட்டும் அவளுக்கு.

எங்கள் வீட்டுப் பட்டிக்கு வருகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு மழைக்கால மாலையில், இறக்கத்தில் வண்டி ஒரு குழியில் விழுந்து எழுந்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த, எங்கள் தெருவில் நான் அத்தை என்று கூப்பிடும் பெண்ணின் வலது கால் தரையைப் பொத்துக்கொண்டு கீழே போய்விட்டது. கிழிந்த தகரம் குதிகாலிலிருந்து கணுக்கால் வரை கீறிவிட்டது. அப்பாதான் துண்டைக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். தையல் போட்டார்கள். இரண்டு மாதம் அத்தை மலைக்குப் போகவில்லை. அது பழம் எடுக்கும் காலம். வருஷத்துக் கடனை அடைப்பதே அந்த மாதங்களில்தான்.

அப்பா கொஞ்சம் பணம் கொடுத்தார். மறுவாரம் ஓட்டையின் மேல் ஒரு டின் தகரத்தை வைத்து, பட்டி போட்டு, புது ரப்பர் மேட் விரித்தார். வண்டி மறுநாளே மலையேறியது. “இதை வெளிய பெருசு பண்ண வேணாம்” என்று வீட்டில் சொன்னார். அம்மா பெருசு பண்ணவில்லை. இரண்டு வாரம் அத்தை வீட்டுக்குச் சோறும் குழம்பும் கொண்டு போனார். அத்தையின் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டார். அப்பாவின் தகரம் மறைத்தது ஓட்டையை. அம்மாவின் குழம்பு மறைத்தது, அத்தைக்கு வந்திருக்க வேண்டிய கோபத்தை.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. அம்மாவின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோறு உண்மையான சோறு. ஆனால் ஓர் ஆண் உண்டாக்கிய உடைசலைச் சுற்றி அமைதியைப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கும் வேலையை நம் குடும்பங்கள் பெண்களிடம்தான் ஒப்படைக்கின்றன. அதற்குப் பொறுமை என்று பெயர். பொறுமைசாலி என்று யாரையாவது புகழும்போது, அவள் எதன்மேல் பூசப்பட்டிருக்கிறாள், அதற்கடியில் என்ன அரித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

வெட்டி ஒட்டலாம் என்று நான் சொன்னபோது தம்பிக்குக் கோபம் வந்தது. பணத்துக்காக மட்டுமல்ல. “தரை, கதவு, கண்ணாடித் தூணோட அடி, எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டா அப்புறம் அது அப்பா வண்டியா?” என்றான்.

பழைய கேள்வி இது. கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலைக் காட்டிக் கேட்டார்கள், பலகைகள் எல்லாம் மாறிய பின்னும் இது அதே கப்பலா என்று. நம் பக்கத்தில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது மிலிந்த பன்ஹாவில் வரும் தேர். நாகசேனர் என்ற பிக்கு மிலிந்தன் என்ற அரசனிடம், சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எதுவும் தேர் இல்லை, இவை சேர்ந்திருப்பதற்கு வைத்த பெயர்தான் தேர் என்ற இடத்துக்கு உரையாடல் வந்து சேரும். இந்த வாதம் பிக்குவின் பெயரோடும் அரசனின் பெயரோடும்தான் நினைவில் நிற்கிறது. ஆனால் நாகசேனரே அந்த இடத்தில் ஒரு பெண்ணை மேற்கோள் காட்டுகிறார். வஜிரா என்ற பிக்குணி. சம்யுத்த நிகாயத்தில், தனியே அமர்ந்திருக்கும் அவளைக் கலைக்க வரும் மாரனுக்கு அவள் சொல்லும் பதில்தான் இந்தத் தேர்.

வஜிராவின் பதிலைத் தம்பிக்கு நான் இப்படி மாற்றிச் சொன்னேன்: “அப்பா வண்டின்னு தனியா ஒண்ணும் இல்லடா. தகரம் இருக்கு, அதுல உட்கார்ந்தவங்க இருக்காங்க. அப்பா பேரைக் காப்பாத்தணும்னு துருவைக் காப்பாத்த வேணாம்.” அவன் ஒப்புக்கொள்ளவில்லை. “வாங்குறவன் பார்த்துத்தானே வாங்குறான்” என்றான். வாங்குகிறவர் பார்ப்பார். ஏறுகிறவர்கள்?

அதைக் கேட்கத்தான் அத்தை வீட்டுக்குப் போனேன். இப்போது அவர் மலைக்குப் போவதில்லை. கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். அப்பாவின் சார்பில் மன்னிப்புக் கேட்பது என் எண்ணம். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

“அந்தத் தகரம் இத்துப்போச்சுன்னு உங்கப்பனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்த்தா. காலை வைக்கிறப்ப நெகுநெகுன்னு அமுங்கும். தெரிஞ்சுதான் ஏறுனேன். விடிகாலையில வேற வண்டி ஏது?”

நான் கட்டி வைத்திருந்த வாதம் அங்கே சரிந்தது. பட்டியை நான் பொய் என்று நினைத்திருந்தேன். பொய் என்றால் ஏமாறுகிறவர் ஒருவர் வேண்டும். அத்தை ஏமாறவில்லை. அப்படியென்றால் அப்பா செய்தது தவறில்லையா?

இந்த வாக்கியம் நமக்கு எதிராக எத்தனை இடத்தில் பயன்படுகிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். குடிக்கிறவன் என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாள். ராத்திரி வேலை என்று தெரிந்துதானே சேர்ந்தாள். தெரிந்துதான் ஏறினாள் என்பதைச் சம்மதம் என்று படித்துவிட்டால், ஓட்டுகிறவனின் பொறுப்பு முழுவதும் ஏறுகிறவளின் கணக்குக்கு மாறிவிடுகிறது. ஆனால் அத்தை சொன்னது இரண்டு வாக்கியம். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் மோசடி. வேறு வண்டி ஏது என்ற கேள்வி அவர் சம்மதத்தின் விலையைச் சொல்கிறது. ஆபத்தை அறிவது ஒன்று, அதை மறுக்க முடிவது இன்னொன்று. அறிவு அவரிடம் இருந்தது. மறுக்கும் வசதி அவரிடம் இல்லை. தரையை மாற்றும் வசதி அப்பாவிடம் இருந்தது. ஒரு சீசன் கொஞ்சம் கடன்பட்டிருந்தால் முடிந்திருக்கும். பட்டி யாரையும் ஏமாற்றவில்லை, சரி. அந்தப் பேச்சை எழவிடாமல் செய்தது. அதுவே அதன் வேலை.

பிறகு பட்டறையில் இன்னொன்றைப் பார்த்தேன். வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவள், மறுநாள் கிரைண்டர் சத்தத்தை எதிர்பார்த்துப் போனேன். அண்ணன் வெட்டவே ஆரம்பிக்கவில்லை. இரும்புக் குழாய்களை அளந்து கதவு இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் பற்றவைத்துக்கொண்டிருந்தார். “முட்டுக் குடுக்காம தரையை வெட்டுனா கூடு உக்காந்துரும். அப்புறம் கதவு பொருந்தாது. எவ்வளவு இத்துப் போனாலும் இப்போதைக்கு அதுதானே தாங்கிக்கிட்டு நிக்குது.”

அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை பெண்களிடம் நான் எளிதாகச் சொல்லியிருக்கிறேன், வெளியே வந்துவிடு, வெட்டிவிடு என்று. இற்றுப்போன தரைதான், ஆனால் அதன்மேல்தான் அவள் நிற்கிறாள், பிள்ளைகளோடு. முட்டுக் கொடுக்காமல் வெட்டச் சொல்வது கொள்கையாக இருக்கலாம், உதவியாக இருக்காது. அதற்காகப் பட்டிக்குத் திரும்ப வேண்டியதில்லை. முதலில் குழாய், பிறகு கத்தி. வரிசை மாறக் கூடாது.

அந்த முட்டு எப்படி இருக்கும் என்பதற்கு இதே சாலையில் மேலே போனால் ஓர் உதாரணம் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்க ஆண் தலைவர்களை ஒதுக்கி வைத்தார்கள். ஒன்பது நாளில் கேட்டதைப் பெற்றார்கள். லயங்களின் நிலையும் கூலியும் அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது என்றில்லை. எல்லாம் தெரிந்துதான் அத்தனை வருடமும் மலைச்சரிவில் நின்றார்கள். அன்று கூடுதலாக இருந்தது பக்கத்தில் இன்னொருத்தி, அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. எங்கள் ஜீப்பில் அத்தை மட்டும் “இதில் ஏற மாட்டேன்” என்று சொல்லியிருந்தால், அவர் இடத்தில் மறுநாள் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். ஏறுகிற அத்தனை பேரும் சேர்ந்து சொல்லியிருந்தால் அப்பா அந்த வாரமே கடன் வாங்கியிருப்பார்.

அண்ணன் நல்ல தகரம் வரும்வரை வெட்டினார். சுத்தியலால் தட்டிக் கேட்பார். மந்தமாகச் சத்தம் வந்தால் இன்னும் இரண்டு விரல் தள்ளி வெட்டுவார். புதுத் தகரத்தை ஒரே ஓட்டமாகப் பற்றவைக்கவில்லை. ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகரம் நெளியும் என்று இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. உள்ளே ரெட் ஆக்சைடு. தரையில் பற்றவைத்த கோட்டின் மேல் பட்டி வேண்டாம், தெரியட்டும் என்று நான் சொன்னேன். அழகாக இருக்காது என்றார். செய்து கொடுத்தார்.

வாங்க வந்தவர் மேட்டைத் தூக்கிப் பார்த்தார். காந்தம் வைத்துப் பார்த்தார். ஒட்டியது. தையல் போட்ட மாதிரி இருந்த கோட்டைக் காட்டி விலையைக் கொஞ்சம் குறைத்தார். தம்பி என்னை முறைத்தான். அந்தக் குறைந்த தொகையும் வெட்டிய செலவும் என் பங்கில் கழிந்தன. அது சரிதான் என்று நினைக்கிறேன். மிச்சத்தில் ஒரு பகுதியை அத்தையிடம் கொடுத்தபோது அவர் நன்றி சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். அது அன்பளிப்பு இல்லை, பாக்கி என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

வண்டி விற்றுப்போன கதையைச் சொன்னேன். தரை எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்.

“எத்தனை பேரை ஏத்துவானாம்?”

அதை நான் வாங்கியவரிடம் கேட்கவில்லை.