யாருடைய பிள்ளை?

வீட்டில் ஒரு கல்யாணம். புடவை எடுக்க ஆரணிக்குப் போயிருந்தேன். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஊர். ஒரு காலத்தில் மராட்டிய ஜாகீர்தார்களின் ஊர். 1751-இல் கிளைவ் ராஜா சாகிபின் படையை முறியடித்ததும், 1782-இல் ஹைதர் அலியும் ஐர் கூட்டும் மோதியதும் இதன் அருகேதான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜனத்தொகை 63,671. இவ்வளவும் புத்தகத்தில் கிடைக்கும். நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம்.

கடையில் பேரம் பேசிப் புடவை வாங்கிய கையோடு, நெய்வதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். தறிக்குப் போக மிஞ்சிய இடத்தில்தான் குடித்தனம். அவர் குழியில் காலை இறக்கி மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு மூலையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டும் ஜரிகையும் முதலாளி தருவது. நெய்து கொடுத்தால் கூலி. உழைப்பது இருவர்; கூலி புடவைக்குத்தான். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் அந்தக் கூலியும் நின்றுவிடும்.

"பையனுக்கும் தொழிலைக் கற்றுக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"அவன் வேணாம்னுட்டான் சார். ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனியில இருக்கான்."

"அடடா! எல்லாரும் இப்படிப் போய்விட்டால் இந்தக் கலை என்ன ஆவது?"

நாடா நிற்கவில்லை. "உங்க பையன் இன்னா பண்றாரு சார்?"

"என்ஜினீயர்."

"நல்லா இருக்கட்டும் சார்" என்றார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கலை வாழ வேண்டும் என்று நான் விரும்பியது பொய்யல்ல. பல தலைமுறைக் கைப்பழக்கம் ஒரு தலைமுறையில் மறைந்தால் அது நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தைத் தடுக்க நான் யாருடைய பிள்ளையைக் குழியில் இறக்கப் பார்த்தேன்? என் பிள்ளையை அல்லவே!

பட்டுப் புடவையைக் கைத்தறிக்கென்று ஒதுக்க 1985-இல் சட்டம் வந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சட்டம் புடவையைக் காக்கலாம், குறியீடு பெயரைக் காக்கலாம். ஒரு வாலிபனைத் தறியில் கட்டிப்போட எந்தச் சட்டமும் இல்லை, இருக்கவும் கூடாது. கூலி கௌரவமாக இருந்தால் அவனே வந்து உட்காரக்கூடும். அதற்கு வாங்குகிறவனும் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். அதிகம் கொடுத்தால் அது அப்படியே தறிக்குப் போய்ச் சேருமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என் மடியில் இருந்த புடவைக்கு, பேரம் பேசியபோது அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.