வேரும் காற்றும்

ஆடி பிறந்தால், ஊவாவின் பதுளை மாவட்டத்துத் தெமோதரையில் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவமழை ஹட்டன், தலவாக்கலை மலைகளிலேயே கொட்டித் தீர்ந்துவிட, ஊவாவுக்கு வந்து சேர்வது காய்ந்த காற்றுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை செடி தண்ணீருக்குத் தவிக்கும். கொழுந்து மெதுவாகத் துளிர்க்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த, வலித் தைலத்தை நினைவூட்டும் அந்தக் காரமான மணம் இந்தக் கொழுந்தில்தான் ஏறுகிறது.

எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் இதையே உதாரணமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "காற்று வருத்தினால்தான் தேயிலைக்கு மணம். ஆத்தா நம்மைச் சோதிப்பதும் அப்படித்தான்." கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தப் பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பேன்.

ஒரே கச்சான் எல்லாச் செடிக்கும் மணம் தருவதில்லை. வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. மண்ணின் ஆழத்து ஈரத்தை எடுத்து அது தாக்குப்பிடிக்கும். தண்டு வெட்டி நட்ட வீ.பி. தேயிலைக்கு ஆணிவேர் கிடையாது. மண் கழுவிப்போன மேட்டில், நிழல் மரமும் இல்லாமல் அது நின்றால், வறட்சி முற்றும்போது இலை கருகும், செடியே பட்டுப்போகும். நேரத்துக்குக் கவ்வாத்தும் உரமும் கண்டு, வேர் பிடித்த செடிதான் வாட்டத்தை மணமாக மாற்றும். காற்று ஆண்டவன் விட்டது. மண்ணைக் காப்பதும் நிழல் மரம் வைப்பதும் மனிதன் பொறுப்பு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அதையும் சோதனை என்றார்கள். ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று வருஷங்களுக்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மழை பெய்தது வானத்தின் வேலை. அந்தச் சரிவின் கீழேயே சனங்களைக் குடியிருக்க விட்டது மனிதர் செய்த வேலை. அதை ஆத்தாவின் கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது. அவள் மேல் பழி போடுவதாகும்.

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பதை நான் மறுக்கவில்லை. காலூன்ற ஒரு துண்டு நிலம், பயமில்லாமல் படுத்துறங்க ஒரு வீடு, பிள்ளைக்குப் படிப்பு: இவை இருக்கிறவனைத்தான் அது பக்குவப்படுத்தும். இல்லாதவனை அழித்துவிடும். அதனால் கோயிலில் பொறுமையைப் போதிக்கிறவர்கள், அதே மேடையில் நிலத்தையும் வீட்டையும் கேட்டுப் பேச வேண்டும். அதுவும் ஆத்தாவுக்குச் செய்யும் பூசைதான்.