பாடாத பிராணியும் துதிக்கும்

விடியுமுன்னே கரிச்சான் குருவி பாடிவிடும். அந்தச் சத்தம் ஊருக்கே கேட்கும். மன்னார் வளைகுடாவின் அடியில் கடல் அட்டை கிடக்கிறது. அதற்குக் கண்ணில்லை, மூளையில்லை, குரலுமில்லை. மணலைத் தின்று, அதில் மக்கின கழிவை ஆகாரமாக்கி, சுத்தமான மணலை வெளியே விடுகிறது. மனுஷர் அளவுக்கு மீறிப் பிடித்ததால், 2001-ல் அரசாங்கமே தடைபோட்டு அதைப் பாதுகாத்தது.

148-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். பறவைகளையும் ஆழ்கடலையும் கர்த்தரைத் துதிக்கச் சேர்த்தே கூப்பிடுகிறது. "ஐயா, எனக்குப் பாட வராது, சாட்சி சொல்ல நாக்கு எழும்பாது; எனக்கு அபிஷேகம் இல்லையோ?" என்று கலங்குகிற சகோதரியே, ஆராதனைக்கு முன்னே வந்து சபையைப் பெருக்கிப் பாய் விரிக்கிறீர்களே, அதுவும் துதிதான்! பாடுகிறவர்களே, அவர்களை அற்பமாய் எண்ணாதிருங்கள். இரண்டு பேரையும் உண்டாக்கினவர் ஒருவரே. அல்லேலூயா!